பெட்டியைப் பிரிப்பதா, பொறுப்பதா? குமரி மாவட்டத்தில் புதிதாகத் தேனீ வளர்ப்பவருக்கு

ஐப்பசியில் மழைக்கு நடுவே வெயில் எட்டிப்பார்க்கும் ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால், ஆடி மழையில் அடை கட்டும் மரச்சட்டங்களில் நாலுக்குள் ஒடுங்கிக் கிடந்த கூட்டம் ஏழு சட்டத்தையும் மூடிக்கொண்டு நிற்கும். தென்னம்பாளை மகரந்தம் கால் நிறைய வந்து இறங்கும். வாசலில் ஒரே நெரிசல். ஒன்று இரண்டானால் நல்லதுதானே என்று மனசு கணக்குப் போட ஆரம்பிப்பது அப்போதுதான்.

ஒன்றிரண்டு பெட்டி மட்டும் வைத்திருக்கும் புதியவருக்கு அந்த நேரத்தில் ஐந்து வழிகள் உண்டு. பிரிக்காமல், தேன் சேரும் மேல்பெட்டியை ஏற்றி ரப்பர் தேனுக்குக் காத்திருக்கலாம். கூட்டத்தைப் பாதிக்குப் பாதி பிரித்து, ராணி இல்லாத பாதி தானே ஒரு ராணியை வளர்த்துக்கொள்ள விடலாம். ஈக்கள் தாமாகப் புது ராணியை வளர்க்கும் ராணி அறையைக் கட்டும்வரை பொறுத்து, அந்த அறையை வைத்துப் பிரிக்கலாம். இந்தப் பாடே வேண்டாமென்று இன்னொரு கூட்டத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். மரக்கொம்பில் வந்து தொங்கும் கூட்டத்தைப் பிடித்தும் பெட்டியில் போடலாம். என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. ஆனால் அதற்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அந்தத் தேதி தாண்டிவிட்டால் முதல் வழிதான் சரி.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களில் இருப்பது அடுக்குத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ. 1910-களில் நியூட்டன் பாதிரியார் இந்த ஈயின் உடல் அளவுக்கு வடிவமைத்த சின்னப் பெட்டிதான் இன்றும் நியூட்டன் பெட்டி என்ற பெயரில் தென்னாட்டில் புழங்குகிறது. கீழ்ப்பெட்டியில் ஏழு சட்டம், அவ்வளவுதான். யூடியூபில் வெளிநாட்டுக்காரர் பத்துச் சட்டப் பெட்டியைத் திறந்து அஞ்சு இங்கே அஞ்சு அங்கே என்று பங்கு வைப்பது இத்தாலியத் தேனீ. அது பெரிய கூட்டம், நிதானமான ஈ, கொஞ்சம் தவறு நடந்தாலும் தாங்கும். நம் ஈ அப்படி இல்லை. ஆள் குறைந்தால், எறும்பு ஏறினால், சாப்பாடு தட்டினால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். அந்த வீடியோவைப் பார்த்து இந்தப் பெட்டியைப் பிரிக்கப் போனால் பல நேரம் கடைசியில் மிஞ்சுவது இரண்டு காலிப் பெட்டிகள்தான்.

அடுத்தது தேதிக் கணக்கு. நம் மாவட்டத்தில் தேன் வருமானம் என்றால் அது ரப்பர்தான். மார்கழியில் இலை உதிர்ந்து, தையில் செம்பு நிறத்தில் தளிர் விட்டு, அது இளம்பச்சையாகும் சமயத்தில், மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் துளிர்க்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் தெரியும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர் பலர் நம்ப மாட்டார்கள். இந்த வரத்து மாசி, பங்குனி வரை ஓடும். வரத்து தொடங்கும்போது பெட்டியில் வெளியே போய்வரும் வயசுள்ள ஈக்கள் நிறைய இருக்க வேண்டும். இல்லையென்றால் தோட்டம் முழுக்கத் துளி துளியாய் இனித்துக்கொண்டிருக்கும், நம் மேல்பெட்டி காலியாக இருக்கும்.

பிரித்த கூட்டம் அந்த நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும்? முட்டையிலிருந்து ராணி வெளிவர 15, 16 நாள். ராணி இல்லாத பாதி ஏற்கெனவே இருக்கும் இளம்புழுவில் தொடங்கினால் 11, 12 நாளில் ராணி பிறந்துவிடும். அது வெளியே பறந்து போய் ஆண் ஈக்களோடு கூடிவர இன்னும் ஒரு வாரம், முட்டையிடத் தொடங்க இரண்டு மூன்று நாள். ஆக, முதல் முட்டைக்கே மூன்று வாரம். அந்த முட்டை வேலைக்கார ஈயாக வெளிவர ஏறத்தாழ 20 நாள். அது வீட்டு வேலையெல்லாம் முடித்து வெளியே தேனுக்குப் பறக்க இரண்டு மூன்று வாரம். கூட்டிப் பார்த்தால் எட்டு, ஒன்பது வாரம். அதுவும் முதல் ஈக்கான கணக்குதான், அவை நிறையப் பெருக இன்னும் சில வாரம் வேண்டும். தை கடைசியில் ரப்பர் வரத்து பிடிக்க வேண்டுமென்றால், நவம்பர் நடுவுக்குப் பின்னால் பாதிக்குப் பாதி பிரிப்பதில் அர்த்தமே இல்லை. முற்றிய ராணி அறையை வைத்துப் பிரித்தால் இதில் பத்து நாள் போல மிச்சமாகும். அப்போது நவம்பர் கடைசி வரை இழுக்கலாம்.

இந்தப் பத்து நாளை விடப் பெரிய லாபம் வேறொன்று இருக்கிறது. அதற்கு மழையைப் பற்றிப் பேச வேண்டும்.

புது ராணி ஆண் ஈக்களோடு கூடுவதற்காகப் பறப்பது வெயிலடிக்கும் மதிய நேரத்தில். மழையோ பலத்த காற்றோ இருந்தால் பறக்காது. ஒன்றிரண்டு நாள் தாமதமானால் பரவாயில்லை. மூன்று வாரம் போல வெளியே போக முடியாமல் போனால் அந்த ராணி கெட்டுப்போன மாதிரிதான்: அதற்குப் பிறகு அது இடுவதெல்லாம் ஆண் ஈயாகவே பிறக்கும். குமரியில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வடகிழக்கு வந்துவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் எப்படிப்பட்ட மாதங்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2017-ல் ஒக்கிப் புயல் வந்ததே நவம்பர் 30-ந் தேதிதான். கூட்டம் பெருகும் காலமும் மழைக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் இந்த மாவட்டத்துத் தேனீக்காரரின் தலைவலி.

இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி பிரித்தால், ராணி பறக்க வேண்டிய நாள் இன்றிலிருந்து 17, 18 நாள் தள்ளி வரும். அன்றைக்கு மழையா வெயிலா என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டுவதுதான் அது. முற்றிய ராணி அறையோடு பிரித்தால் ராணி இரண்டு மூன்று நாளில் பிறந்துவிடும், பறப்பது அடுத்த ஒரு வாரத்துக்குள். அந்த ஒரு வாரத்துக்கு வானிலை அறிக்கை ஓரளவு நம்பும்படி இருக்கும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் பிரிக்காமல் அறையைக் கிள்ளிவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். ராணி அறை கட்ட ஆரம்பித்த கூட்டம் ஒரு தடவையோடு நிறுத்தாது, திரும்பவும் கட்டும்.

பாதிக்குப் பாதி வழிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. ராணியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முட்டையும் இளம்புழுவும் இரண்டு பக்கமும் இருக்கும்படி சட்டங்களைப் பங்கிட்டுவிட்டு, நாலு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், முட்டை இருக்கும் பக்கம் ராணி இருக்கிறது, இல்லாத பக்கம் இல்லை. முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு தப்பாது. பத்து இருபது பெட்டி வைத்திருப்பவர் இப்படிச் செய்தால் நாலு போனாலும் ஆறு நிற்கும். ஒரே பெட்டிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அதுவுமில்லாமல், அவசரத்துக்கு வளர்க்கும் ராணி எந்தப் புழுவிலிருந்து வரும் என்று நம் கையில் இல்லை. வயசு கூடிய புழுவை எடுத்து வளர்த்தால் ராணி சின்னதாகப் போகும். கூட்டம் தானாகப் பிரிந்து போவதற்காகக் கட்டும் அறையில் முட்டையிலிருந்தே ராணியாக நினைத்துத் தீனி போடுகின்றன. அந்த ராணியின் தரமே வேறு.

ராணி பிறக்காமலோ கூடாமலோ போனால் இன்னொரு சிக்கல். இந்திய ஈயில் ராணி இல்லையென்று தெரிந்த கொஞ்ச நாளிலேயே வேலைக்கார ஈக்கள் தாமே முட்டையிடத் தொடங்கிவிடும். ஓர் அறைக்குள் இரண்டு, மூன்று முட்டை தாறுமாறாகச் சுவரில் ஒட்டிக் கிடந்தால் அது இதுதான். அத்தனையும் ஆண் ஈ. அந்தக் கட்டத்தில் நல்ல ராணியைக் கொண்டுவந்து விட்டாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது.

சரி, பிரிக்கவே வேண்டாம் என்ற முதல் வழி? தேன்தான் வேண்டும், பெட்டி எண்ணிக்கை அல்ல என்றால் இதுதான் சரி. ஆனால் இதில் சும்மா இருப்பது என்று ஒன்று கிடையாது. ராணி அறையை அஞ்சாறு நாளுக்கொரு தடவை தேடிக் கிள்ள வேண்டும், மேல்பெட்டியைக் காலத்தோடு ஏற்ற வேண்டும். அடையின் கீழ் விளிம்பில், ஈக்கள் மொய்த்து மறைத்திருக்கும் ஒரே ஓர் அறையை விட்டுவிட்டால் போதும், பாதிக் கூட்டம் பக்கத்து வீட்டுப் பலாவில் போய்த் தொங்கும். அது போன பிறகு, தெரியாமல் மிச்ச அறைகளையும் கிள்ளிவிட்டால் வீட்டில் இருப்பதும் ராணியில்லாமல் போகும். ஆகவே கிள்ளுவதற்கு முன் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்தால் அறையின் அடியில் வெள்ளை நூல் துணுக்கு மாதிரி நிற்கும்.

வாங்குவது சுலபம். மார்த்தாண்டம் வட்டாரத்தில் 1920-களிலேயே ஒய்.எம்.சி.ஏ. தேனீ வளர்ப்பைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டதால், இன்றைக்கும் கூட்டம் விற்பவருக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பவர் பிரிப்பதற்கு முன்னால் இன்னொன்றை வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. இரண்டு இருந்தால்தான் ஒன்றில் ராணி போனால் மற்றதிலிருந்து முட்டைச் சட்டம் எடுத்துக் கொடுக்க முடியும். ஆனால் அடையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 1991, 92 வாக்கில் பைப்புழு நோய் வந்து குமரியிலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலியான கதையைப் பழைய தேன்காரர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த நோயைக் கொண்டுவரும் தாய்லாந்து வகை வைரஸுக்கு மருந்து கிடையாது. மூடியும் மூடாமலும் இருக்கும் அறைக்குள் புழு மல்லாந்து, தலை மேல்நோக்கித் தூக்கி, தண்ணீர் நிறைந்த பை மாதிரி கிடந்தால் அந்தக் கூட்டத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பெட்டியிலேயே இப்படித் தெரிந்தால் பிரிப்பது பற்றி நினைக்கவே கூடாது, ஒரு நோய்ப் பெட்டி இரண்டாகும், அவ்வளவுதான். உங்கள் தோட்டத்தில் ஒன்றிரண்டு மழைக்காலத்தைத் தாண்டி நோயில்லாமல் நிற்கும் கூட்டத்தின் வாரிசுக்கு இதனால்தான் மதிப்பு.

கொம்பில் தொங்கும் கூட்டத்தைப் பிடிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்தால் விடாதீர்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். புழு உள்ள ஒரு சட்டத்தை உள்ளே வைத்தால் ஓடிப்போவது குறையும்.

இனி மூன்றாவது வழியை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். ஐப்பசி பிறந்ததும் வாரம் ஒரு தடவை கீழ்ப்பெட்டியைப் பாருங்கள். ராணி அறைக்கு முன்னால் தேட வேண்டியது ஆண் ஈ அறை. நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு பெரியவர் சொன்னது: "மக்களே, பெட்டியப் பிரிக்கதுக்கு முன்ன ஆண் ஈ இருக்கான்னு பாரு. மாப்பிள்ள இல்லாம கல்யாணம் நடக்குமா?" ஆண் ஈ அறையை அடையாளம் காண்பது எளிது. மற்ற மூடிய அறைகளை விடக் கொஞ்சம் மேடாக இருக்கும், மூடியின் நடுவில் குண்டூசியால் குத்தியது போல ஒரு சின்னத் துளை இருக்கும். இத்தாலிய ஈயில் இந்தத் துளை கிடையாது. ஆண் ஈ முட்டையிலிருந்து வெளிவர 24 நாள் ஆகும், கூடுவதற்குத் தயாராக இன்னும் பத்து நாளுக்கு மேல். ஆகவே மூடிய ஆண் அறை கூட இல்லாத பருவத்தில் பிரிப்பது வீண்வேலை.

ராணி அறை அடையின் அடி விளிம்பில் நிலக்கடலை போலத் தலைகீழாகத் தொங்கும். அது மூடப்பட்டதிலிருந்து ஏழு, எட்டு நாளில் ராணி வெளிவரும். வெளிவரும் நாள் நெருங்கும்போது ஈக்கள் அதன் நுனியிலுள்ள மெழுகைச் சுரண்டி எடுத்துவிடும். உள்ளே இருக்கும் கூட்டின் பழுப்பு நிறம், பழைய காகிதம் மாதிரி வெளியே தெரியும். நுனி பழுத்த அறை என்றால் இதுதான். ஆனால் பழைய ராணி இதற்கெல்லாம் காத்திருக்காது. முதல் அறை மூடியதுமே, மழையில்லாத நாளாகப் பார்த்துப் பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அதனால் முதல் வேலை, பழைய ராணியை முந்தி நாமே கிளப்புவது.

ஆறு, ஏழு சட்டத்தை ஈ மூடியிருக்க வேண்டும், அதில் குறைந்தது நாலு புழுச்சட்டமாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேண்டாம். சாயங்காலம் மூன்று, நாலு மணிக்கு, தேங்காய்க் கதம்பைப் புகை கொஞ்சமாகக் காட்டி, ராணி இருக்கும் சட்டத்தைத் தேடுங்கள். புகை அதிகமானால் ராணி ஓடி மூலையில் ஒளிந்துகொள்ளும். ராணியோடு அந்தச் சட்டத்தையும், மூடிய புழு உள்ள இன்னொரு சட்டத்தையும், தேனும் மகரந்தமும் உள்ள ஒரு சட்டத்தையும் புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். இந்தச் சட்டங்களில் ராணி அறை ஒன்று கூட இருக்கக் கூடாது. இன்னும் ஒரு சட்டத்து ஈயை உள்ளே உதறிவிடுங்கள். புதுப் பெட்டியைத் தோட்டத்தின் மறுபக்கத்தில் வையுங்கள். வெளியே பறந்து பழகிய ஈக்கள் அடுத்த நாள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பாதிக்குப் பாதி பிரிப்பவர் இதற்காகத்தான் பெட்டியை மூன்று கிலோமீட்டர் தள்ளி உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார், அல்லது இரண்டு பெட்டியையும் பழைய இடத்துக்கு அரைப்பெட்டி இடமும் வலமுமாக நகர்த்தி வைக்கிறார். நம் வழியில் இந்தத் திரும்பி வருவதே நமக்கு உதவி: ராணி பிறக்கப்போகும் பெட்டியில் ஆள்பலம் நிற்கும், பழைய ராணிக்குப் பிரிந்து வந்துவிட்ட திருப்தி கிடைத்துக் கிளம்பும் எண்ணம் அடங்கும்.

பழைய இடத்தில் நிற்கும் பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்று போதும். பயமாக இருந்தால் இரண்டு. மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். நாலஞ்சை விட்டு வைத்தால் முதலில் பிறந்த ராணியும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடும். எடுத்த அறையை இன்னொரு பெட்டிக்குக் கொடுக்க நினைத்தால், ஒரு அங்குல அடையோடு வெட்டி, தலைகீழாகத் திருப்பாமல், குலுக்காமல் கொண்டுபோய், ஈர்க்குச்சியால் அடையில் குத்தி நிறுத்தலாம். ராணியே கண்ணில் படவில்லை என்றால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை இருக்கும்படி சட்டங்களைப் பங்கிட்டு, நாலு நாள் கழித்து முட்டை தெரியும் பக்கத்து அறையைக் கிள்ளிவிடலாம். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் நடக்கும்.

வேலைக்கார ஈ போய்வர முடியும், ராணி நுழைய முடியாது என்ற அளவில் இருக்கும் ராணித் தடுப்பு வாயில் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய ராணி குடியேறிய புதுப் பெட்டிக்கு அதை நாலஞ்சு நாள் மாட்டலாம், ஓடிப்போகாமல் இருக்கும். புது ராணி பிறக்கப்போகும் பெட்டிக்கு மாட்டவே கூடாது. அது வெளியே போனால்தானே கூட முடியும். இதை மாற்றி மாட்டிவிட்டு, ராணி ஏன் முட்டையிடவில்லை என்று மாசக்கணக்கில் கவலைப்படுகிறவர்கள் உண்டு.

புதுப் பெட்டியில் வெளியே போகும் ஈ குறைவு என்பதால் பத்து நாளாவது சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சமபங்கு, சாயங்காலம் இருட்டும் நேரத்தில், பெட்டிக்கு உள்ளே. நம் ஊரில் கருப்பட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதைக் கரைத்து வைக்கத் தோன்றும். ஈக்கு வயிற்றுப்போக்கு வரும், வேண்டாம். கீழே சிந்தினால் பக்கத்துப் பெட்டி ஈ கொள்ளையடிக்க வரும், எறும்பும் வரும். தாங்குகாலுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டியை ராணி பிறந்த பிறகு இரண்டு வாரம் திறக்காமல் இருப்பது நல்லது. வாசலில் மகரந்தம் கால் நிறைய உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்து, ஓர் அறைக்கு ஒரு முட்டை என்று அடியில் ஒழுங்காக நின்றால் வேலை முடிந்தது. முட்டை இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம், இடையில் மழை பிடித்திருந்தால் கட்டாயம் பொறுக்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால், அல்லது மூடிய அறையெல்லாம் ஆண் அறையாகவே மேடிட்டிருந்தால், மார்கழி முடிவதற்குள் இரண்டையும் திரும்ப ஒன்றாக்கிவிடுங்கள். உருப்படாத ராணி ஒன்று உள்ளே திரிந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு நாளுக்குக் கொஞ்சமாக ஒன்றரை அடி நகர்த்தி இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு மாலையில் பழைய ராணி உள்ள கீழ்ப்பெட்டியின் மேல் செய்தித்தாள் ஒன்றை விரித்து, ஊசியால் நாலஞ்சு துளை போட்டு, அதன்மேல் ராணியில்லாத பெட்டியை அடித்தட்டு இல்லாமல் ஏற்றி மூடுங்கள். தாளைக் கடித்து வழி செய்வதற்குள் வாசனை கலந்துவிடும், சண்டை வராது. ரெண்டு மூணு நாளில் வாசலில் காகிதத் துகள் விழுந்து கிடக்கும். நல்ல சட்டங்களைக் கீழே அடுக்கிவிட்டு, மேல்பெட்டியைத் தைக்குத் தயாராக ஏற்றிவிடலாம்.